பழைய ஆங்கிலக் கொப்பியில் சாப்பாட்டுச் சொற்களைப் பிழையில்லாமல் வாசிக்க

பழைய ஆங்கிலக் கணக்கில் 'டயர், 3 சட்டீஸ்' என்று ஒரு வரி வந்தால் அது வண்டிச் சில்லு அல்ல. மூன்று சட்டி தயிர். டி, வை, ஆர், ஈ என்று எழுதியிருக்கும். சிலர் டி, ஏ, ஐ, ஆர் என்றும் எழுதினார்கள். மதராஸ் பக்கத்து ஆங்கிலேயர் நம் வாயில் கேட்ட 'தயிர்' என்ற சொல்லைத் தங்கள் எழுத்தில் பிடித்து வைத்த வடிவம் அது. பிற்காலத்தவர் 'கேர்ட்' என்றே எழுதினார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த வரியைச் சில்லு என்று பெயர்த்தால், அந்த வீட்டார் என்ன சாப்பிட்டார்கள் என்பதில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆங்கிலக் கணக்குக் கொப்பி, சமையல் குறிப்பு, மிஷன் கடிதம், கச்சேரி அறிக்கைப் பிரதி என்று இன்னமும் சில கிடக்கின்றன. மெதடிஸ்ட் மிஷன் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தது. அன்றிலிருந்து இங்கே ஆங்கிலத்தில் கணக்கும் கடிதமும் எழுதியவர்கள் பலர். இவற்றைத் தமிழில் பெயர்க்க உட்காருபவர் தெரியாத சொல்லில் அதிகம் பிழை விடுவதில்லை, ஏனென்றால் அதற்கு அகராதியை எடுத்துவிடுவார். மாட்டிவிடுவது தெரிந்த சொல்தான். 'மீட்' என்றால் இறைச்சி, 'கோர்ன்' என்றால் சோளன் என்று யோசிக்காமல் எழுதிக்கொண்டு போகும் இடத்தில்தான் முழுப் பக்கமும் பிழைத்துப் போகிறது.

தாளைத் தொடும் முன்

1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 கடற்கோளிலும் நனைந்து தப்பிய கொப்பிகளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்துப் பிரிக்க வேண்டாம். மை மறுபக்கத்தோடு போய்விடும். பிரியும் தாளை மட்டும் விரித்து, பகல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்துப் படமெடுங்கள். மங்கிய எழுத்தின் கீறல் அப்போது நிழலாகத் தெரியும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் போய்விடும். குறிப்பு எழுதப் பென்சில் மட்டும். லெமினேட் செய்யவே வேண்டாம். ஒருமுறை செய்தால் பிறகு எடுக்க முடியாது.

எழுத்தைப் பிடிப்பது

1800க்கு முந்திய அச்சில் 'எஸ்' எழுத்து, சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் 'எஃப்' போலவே இருக்கும். 'சோல்ட்' என்ற உப்பு 'ஃபோல்ட்' என்று தெரியும். சொல்லின் கடைசியில் மட்டும் வழக்கமான 'எஸ்' வரும். அச்சில் இந்த வழக்கம் போன பிறகும் கையெழுத்தில் இரட்டை 'எஸ்'ஸின் முதல் எழுத்தைப் பலர் 19ஆம் நூற்றாண்டு முழுதும் அப்படியே எழுதினார்கள். ஆகவே 'மொலாஃப்செஸ்' என்று ஏதோ மருந்துப் பெயர் போலத் தெரிந்தால் அது மொலாசஸ், சீனி காய்ச்சும்போது மிஞ்சும் கரும்பாகு.

'டி, ஓ' என்று இரண்டே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் அது 'டிட்டோ', மேலே சொன்னதே என்று பொருள். 'செய்' என்ற ஆங்கில வினைச்சொல் அல்ல. 'எல், பி' றாத்தல். 'ஓ, இஸட்' அவுன்ஸ். 'சி, டபிள்யூ, டி' நாம் அந்தர் என்று சொல்வது. 'கியூ, ஆர்' அந்தரில் கால்வாசி. கடைசி இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி வாசித்தால் கணக்கு நான்கு மடங்கு பிசகும். விலை நிரலில் பவுண், சிலிங், பென்ஸ் இருந்தால் பக்கம் பெரும்பாலும் 1872க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் இலங்கையில் சதம் வைத்த ரூபாய்க் கணக்கு வந்தது. திகதி கிழிந்துபோன கொப்பிக்கு இது நல்ல பிடி.

ஒரு பக்கத்தை வரிவரியாக

இப்படி ஒரு பக்கம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

பெடி, 6 புசல்
ரைஸ், 1 புசல்
கிராம் ஃபோர் ஹோர்ஸ், 8 மெஷர்
கறி ஸ்டஃப்ஸ்
சோல்ட் ஃபிஷ், 1 கியூ.ஆர்.
ஜிஞ்ஜலி ஒயில், 2 போட்டில்ஸ்
பொட்டேட்டோஸ், 1 பாஸ்கட்
பிளான்டெய்ன்ஸ், 2 பன்ச்சஸ்
பூனாக், 1 சி.டபிள்யூ.டி.

ஒவ்வொரு வரியிலும் நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன அளவு, எதில் வந்தது, என்ன விலை, யாருக்கு. பெயர்ச்சொல்லை இந்த நான்குக்கும் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

'பெடி' நெல். மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 'ரைஸ்' அரிசி. இரண்டையும் 'அரிசி' என்று போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நெல் குற்றினால் அளவில் ஏறக்குறையப் பாதிதான் அரிசியாக மிஞ்சும்; ஆறு புசல் நெல்லை ஆறு புசல் அரிசி என்று எழுதினால் வீட்டாரின் தேவை இரட்டிப்பாகக் காட்டும்.

'கிராம்' எடைக் கணக்கு அல்ல. 'தானியம்' என்ற பொருளுள்ள போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. முன்னால் ஒரு நிறம் இருந்தால் எளிது: கிரீன் கிராம் பயறு, பிளாக் கிராம் உளுந்து, ரெட் கிராம் துவரை, பெங்கால் கிராம் கடலை. வெறும் கிராம் குதிரைக்கு என்று இருந்தால் கொள்ளாகவோ கடலையாகவோ இருக்கும். எது என்று பக்கம் சொல்லாவிட்டால் 'குதிரைக்குத் தானியம்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஊகத்தைப் பெயர்ப்பாக எழுதக்கூடாது.

'கறி ஸ்டஃப்ஸ்' கறிச்சரக்கு: மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், மஞ்சள். 'கறிக்கு அடைக்கும் பொருள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. 'சோல்ட் ஃபிஷ்' கருவாடு. கால் அந்தர், 28 றாத்தல், ஏறக்குறைய 12.7 கிலோ. அதே இடத்தில் 'மோல்டிவ் ஃபிஷ்' இருந்தால் அது மாசி. 'பம்பாய் டக்' இருந்தால் தாரா அல்ல, அதுவும் உலர்ந்த மீன்தான். 'ஜிஞ்ஜலி ஒயில்' நல்லெண்ணெய்.

'பொட்டேட்டோஸ்' இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய எழுத்தில் இந்தச் சொல் வத்தாளைக்கும் வழங்கியது. உருளைக்கிழங்கைத் தனியாகக் காட்ட 'ஐரிஷ் பொட்டேட்டோஸ்' என்று எழுதினார்கள். கூடையில் உள்ளூரிலிருந்து குறைந்த விலைக்கு வந்ததா, கொழும்பிலிருந்து கூடிய விலைக்கு வந்ததா என்று பாருங்கள். 'பிளான்டெய்ன்' இங்கே பழுத்த வாழைப்பழம்தான். கறிக்கு உரிய காய் என்று இன்றைய அகராதி சொல்வதை இந்தக் கொப்பியில் போட வேண்டாம். 'பூனாக்' நம்முடைய பிண்ணாக்கு. ஒரு அந்தர் வாங்கியிருக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் மாடு இருந்திருக்கும். தயிர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அதுவே விடையாகலாம்.

முகம் தெரிந்த சொற்கள்

'மீட்' முற்காலத்தில் சாப்பாடு முழுவதையும் குறித்தது. இதைப் பிடிக்க நம் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு கருவி இருக்கிறது: 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில விவிலியத்தையும் பழைய தமிழ் விவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது. லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் ஆங்கிலம் 'மீட் ஆஃபரிங்' என்கிறது. அதில் உள்ளது மெல்லிய மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்; இறைச்சி ஒரு துண்டும் இல்லை. தமிழ் 'போஜனபலி' என்று சரியாகச் சொல்கிறது. யோவான் ஸ்நானகனின் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் ஆங்கிலத்தில் 'மீட்', தமிழில் 'ஆகாரம்'. ஏசா தன் மூத்தமகன் உரிமையை விற்று வாங்கிய 'பொட்டேஜ்' தமிழில் 'கூழ்'. தானியேல் கேட்ட 'பல்ஸ்' தமிழில் 'பருப்பு முதலான மரக்கறி', நாடித்துடிப்பு அல்ல. இப்படி ஒரு மாலைப் பொழுது இரண்டையும் ஒப்பிட்டு வாசித்தால் பாதிச் சொற்கள் கையில் வந்துவிடும். சமய நம்பிக்கை எதுவாக இருந்தாலும் இது மொழிபெயர்ப்பாளருக்கு உதவும் அருமையான துணை.

'ஸ்வீட்மீட்' இனிப்புப் பலகாரம். இதே பழைய 'மீட்' அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 'ஸ்வீட்பிரெட்' இனிப்பும் அல்ல, பாணும் அல்ல: கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் கணையம் முதலான சுரப்பி. 'லைட்ஸ்' விளக்கு அல்ல, ஈரலோடு சேர்த்து விற்கும் நுரையீரல். 'பிரோன்' பன்றித் தலை இறைச்சியை வேகவைத்து உறையவிட்டது. அதை 'ஹெட் சீஸ்' என்று எழுதியிருந்தாலும் பாற்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'மட்டன்' இங்கிலாந்தில் செம்மறி. இங்கே எழுதிய கொப்பியில் பெரும்பாலும் வெள்ளாடு.

'கோர்ன்' அந்தந்த நாட்டின் தானியம் எதுவோ அது. இங்கிலாந்துக் கடிதத்தில் கோதுமை, ஸ்கொட்லாந்துக் கடிதத்தில் ஓட்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு ஏறக்குறைய இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் நெல்லையும் குரக்கனையும் இந்தச் சொல்லின் கீழேயே சேர்த்துச் சொல்கிறார். குரக்கனை 'கொரக்கான்' என்று எழுதி, கடுகு போன்ற சிறு மணி என்று விளக்குகிறார். சோளன் என்று எழுத வேண்டுமானால் மூலத்தில் 'இண்டியன் கோர்ன்' என்றோ 'மெய்ஸ்' என்றோ இருக்க வேண்டும். தகரத்தில் வரும் 'கோர்ன்ட் பீஃப்' இலும் சோளன் இல்லை; தானிய மணி அளவு உப்புக் கட்டியில் ஊறியதால் அந்தப் பெயர்.

'பிளம்' விஷயத்தில் இலங்கைத் தமிழர் கொடுத்துவைத்தவர்கள். ஆங்கிலேயர் 'பிளம் புடிங்' என்று எழுதியபோது அதில் போட்டது உலர்ந்த முந்திரிகை வற்றல். இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பொருள் மங்கிவிட்டது. நம் வீடுகளிலோ பாயாசத்துக்குக் 'கஜுவும் பிளம்சும்' வாங்கிவரச் சொன்னால் கடைக்காரர் வற்றலைத்தான் நிறுத்துத் தருகிறார். பழைய பொருளை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். பெயர்க்கும்போது அகராதியைப் பார்த்து அதைக் கெடுக்க வேண்டாம்.

'ரிசீட்' பற்றுச்சீட்டு என்று மட்டும் நினைக்காதீர்கள். 'ரிசீட் புக்' என்று அட்டையில் இருந்தும் உள்ளே முட்டை, வெண்ணெய், மா என்று வந்தால் அது சமையல் குறிப்புக் கொப்பி. 'ட்ரீக்கிள்' இங்கே கித்துள் பாணி, இங்கிலாந்தில் சீனி ஆலையில் மிஞ்சும் பாகு. 'லவ் ஆப்பிள்' தக்காளி. 'அலிகேட்டர் பெயார்' வெண்ணெய்ப்பழம். அம்பாறைச் சந்தையில் சிங்களத்தில் 'அலிகெட்ட பேர' என்று கேட்பதும் இதே பெயர்தான். 'கிரவுண்ட் நட்' கச்சான். 'ஹொப்பர்' அப்பம், 'ஸ்ட்ரிங் ஹொப்பர்' இடியப்பம். 'பட்டரி' வெண்ணெய் வைக்கும் இடம் அல்ல, பீப்பாவும் போத்தலும் வைக்கும் அறை.

சாமானா, சாப்பாடா, தீனியா

'விட்டில்ஸ்' என்று வாயால் சொல்லும் சொல்லை எழுதும்போது நடுவில் ஒரு 'சி'யும் 'யூ'வும் 'ஏ'யும் வரும். 'விக்டுவல்ஸ்' என்று வாசித்து வேறு சொல் என்று நினைத்துவிடுகிறார்கள். சமைத்ததும் சமைக்காததுமான சாப்பாட்டுப் பொருள் எல்லாம் இதில் அடங்கும். 'லைசன்ஸ்ட் விட்லர்' மட்டும் பலசரக்குக் கடைக்காரர் அல்ல, அனுமதிபெற்ற மதுக்கடைக்காரர்.

'ப்ரொவிஷன்ஸ்' முன்கூட்டிச் சேர்த்து வைத்த சாமான். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் உகந்தையில் காட்டுக்குள் இறங்குமுன் மூட்டை கட்டும் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை இருக்கிறதே, அதுதான் ப்ரொவிஷன்ஸ். அதே மூட்டையைப் பிரித்துச் சமைத்து இலையில் போட்டால் 'ஃபேர்' அல்லது 'வையண்ட்ஸ்'. 'பில் ஆஃப் ஃபேர்' சாப்பாட்டு விலைப்பட்டியல் அல்லது பரிமாறும் வரிசை. கட்டணச் சீட்டு அல்ல. கப்பல் கணக்கில் ப்ரொவிஷன்ஸ் என்றால் உப்பிட்ட இறைச்சி, கட்டி பிஸ்கட், பாற்கட்டி போன்ற கெடாத சரக்கு. புதிய மரக்கறியைத் தனியாக எழுதுவார்கள். 'ப்ரொவெண்டர்' மாடு குதிரைக்கான தீனி. அறிக்கைகளில் வரும் 'எஸ்குலண்ட்' உண்ணத்தக்க காய்கறி கிழங்கு. 'ஒயில்மன் ஸ்டோர்ஸ்' எண்ணெய்க்கடை மட்டுமல்ல. போத்தலிலும் தகரத்திலும் அடைத்து வந்த ஊறுகாய், சோஸ், ஜாம் எல்லாம் அதில் சேரும்.

அளவுகள்

றாத்தல் 453.6 கிராம். அவுன்ஸ் 28.35 கிராம். அந்தர் 112 றாத்தல், 50.8 கிலோ. 'ஸ்டோன்' 14 றாத்தல். புசல் 8 கலன், 36.4 லீட்டர், நெல்லானால் ஏறக்குறைய 21 கிலோ, அரிசியானால் அதிலும் பாரம். 'பெக்' புசலில் கால்வாசி. இங்கிலாந்துக் கொப்பியில் 'குவார்ட்டர்ன் லோஃப்' வந்தால் நான்கு றாத்தலுக்குச் சற்றுக் கூடிய பாண். கால் றாத்தல் பாண் அல்ல.

கலன்தான் ஆட்களைக் குழப்புவது. பிரித்தானியா 1826 தொடக்கம் 4.546 லீட்டர் கலனுக்கு மாறியது. அமெரிக்கர் பழைய 3.785 லீட்டர் கலனிலேயே நின்றுவிட்டார்கள். ஆகவே கலனில் எட்டிலொன்றான பைந்து பிரித்தானியக் கணக்கில் 568 மில்லிலீட்டர், அமெரிக்கக் கணக்கில் 473. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் இருந்தது. மட்டக்களப்பில் இருந்தது பிரித்தானிய மெதடிஸ்ட் மிஷன். இங்கே எழுதிய குறிப்புக்கு 568ஐ எடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சீதனத்தோடு வந்த கொப்பி என்றால் இரண்டையும் போட்டுப் பாருங்கள், மாவும் தண்ணீரும் எதில் பொருந்துகிறதோ அதுவே. 'கில்' பைந்தில் கால்வாசி, 142 மில்லிலீட்டர்.

நெல் அளக்கும் நம் பழைய அளவுகளான அவணமும் மரைக்காலும் ஆங்கிலக் கணக்கில் கலந்து வந்தால் ஒரே எண்ணால் பெருக்கிவிட வேண்டாம். அவை ஊருக்கு ஊர் வேறுபட்டன. அதே கொப்பியில் வேறொரு பக்கத்தில் 'இத்தனை அவணம், அதாவது இத்தனை புசல்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

சமைத்துப் பார்க்கப் போகிறவர்களுக்கு

'முட்டை அளவு வெண்ணெய்' என்றால் இரண்டு அவுன்ஸ், 'வோல்நட் அளவு' என்றால் ஒரு அவுன்ஸ். முட்டை எண்ணிக்கை மட்டும் இருந்தால் நாட்டுக்கோழி முட்டையைப் போடுங்கள். அக்கால முட்டை சிறியது, இன்றைய பண்ணை முட்டையைப் போட்டால் கலவை நீர்த்துவிடும். 'ஸ்லோ அவன்' 150 பாகை செல்சியஸ், 'மொடரேட்' 180, 'குவிக்' 200க்கு மேல். 'குவிக்' என்றால் சீக்கிரம் எடுத்துவிடு என்பதல்ல, சூடு கூடிய அவன்.

அப்பத்துக்குப் 'டொடி' கேட்டால் அது புளித்த கள். கிடைக்காவிட்டால் ஒரு றாத்தல் அரிசிமாவுக்கு ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்டும் ஒரு தேக்கரண்டி சீனியும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் விட்டு, நுரை வந்த பிறகு மாவில் சேருங்கள். நுரை வராவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது, பெரும்பாலும் தண்ணீர் சூடு கூடியதால். அப்பச்சோடா மட்டும் போட்டால் பொங்கும், ஆனால் கள்ளின் புளிப்பு வராது. 'பாம்' என்று இருந்தாலும் ஈஸ்ட்தான். பியர் நுரையிலிருந்து எடுத்தது.

சில குறிப்புகளை அப்படியே செய்யக்கூடாது. 'சோல்ட்பீட்டர்' வெடியுப்பு, இறைச்சி சிவப்பாக இருக்கப் போட்டார்கள், கண்ணளவில் போட்டால் நஞ்சாகும். வீட்டில் அதை விட்டுவிட்டு உப்பு மட்டும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 'சோல்ட் ஆஃப் லெமன்' தேசிக்காய் உப்பு அல்ல, கறை போக்கும் நஞ்சு. சமையல் குறிப்பும் வீட்டுவேலைக் குறிப்பும் ஒரே கொப்பியில் அடுத்தடுத்து வரும் என்பதால் இதில் மிகுந்த கவனம் வேண்டும். பாலில் போடச் சொல்லும் 'லோரல்' இலை சில குறிப்புகளில் பிரிஞ்சி இலை அல்ல, சயனைட் வெளிவிடும் செர்ரி லோரல். ஊறுகாய் பச்சையாக இருக்கப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சச் சொன்னால் கேட்காதீர்கள். வினாகிரி செம்பை அரித்து வரும் நிறம் அது. மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும்.

பெயர்த்து எழுதும்போது மூன்று நிரல் வையுங்கள்: மூலத்தில் உள்ள எழுத்து உள்ளபடி, தமிழ்ப் பொருள், அந்தப் பொருளை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பது. மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் இரண்டாவதில் கேள்விக்குறி போடுங்கள். அப்படிக் கேள்விக்குறி விழுந்த சொல்லை வீட்டு மூத்தவர்களிடம் கொண்டுபோங்கள், ஆனால் தாளை நீட்ட வேண்டாம். வாயால் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக் காட்டுங்கள். 'மல்லிகடோனி', 'கொன்ஜி', 'ஜாகரி' எல்லாம் காதால் கேட்டு எழுதியவை. சொல்லிக் காட்டினால் 'மிளகுத்தண்ணி', 'கஞ்சி', 'சர்க்கரை' என்று ஆச்சி அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடுவா.